முதல் மணிக்கு வராதவர்களின் ஓட்டு

கல்லூரியில் மாணவர் பேரவைப் பொறுப்பாசிரியர் என்பது யாரும் கேட்டு வாங்காத, கொடுத்தபின் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளாத வேலை. பாடம் நடத்தச் சம்பளம் தருகிறார்கள். இதற்கு "நீங்க இருக்கீங்க, அப்பறம் என்ன கவலை" என்று ஒரு வார்த்தை தருகிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று இருக்கும். பொங்கல் விழாக் குழுவோ, தீத்தடுப்புக் குழுவோ, ஏதோ ஒன்று. "இதை மட்டும் கொஞ்சம் பாத்துக்குங்க" என்று ஒருநாள் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையை ஆட்டியிருப்பீர்கள். அப்படித் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் வரலாறு நடத்துகிறவள். கல்லூரி, புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பாதையில் இருக்கிறது. நான் குளத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். அப்படி வந்தும் முதல் மணி அடிக்கும்போது கல்லூரிக்குள் இருப்பேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தாமதமாக வருகிறவர்களைப் பார்த்தால் பொதுவாகவே எனக்குக் கோபம் வரும். இதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் நியாயம்.

குரல் வளம்

எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்தவர் மாற்றலாகிப் போனதும் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் முதல்வர் நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துத்தான் சொல்வார். டீ வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. "எனக்கு இந்த அரசியல் எல்லாம் வராது சார்" என்றேன். இது அரசியலே இல்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வகுப்பும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும். பிரதிநிதிகள் எல்லாரும் சேர்ந்தால் அதுதான் பேரவை. அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். மாதம் ஒரு கூட்டம் நடக்கும். மாணவர்களின் குறைகள் அங்கே பேசப்பட்டுத் தீர்மானமாகி முதல்வரின் மேசைக்கு வரும்.

இத்தனை ஆசிரியர்கள் இருக்க என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. என் அனுபவத்தைச் சொல்வார், பொறுமையைச் சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒங்களுக்குக் குரல் நல்லா இருக்கு மேடம். செமினார் ஹால் மைக் வேலை செய்யாது."

வேணாம், வேணாம்

வகுப்புப் பிரதிநிதித் தேர்தலை முதல் மணியின் தொடக்கத்தில் வைப்பது எங்கள் கல்லூரி வழக்கம். வருகைப் பதிவு எடுத்த கையோடு, "யாரு நிக்கிறீங்க, யாருக்கு யாரு கை தூக்குறீங்க" என்று கேட்டு எண்ணிவிட்டால் பாடம் கெடாது. யார் அதை ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. பத்து நிமிஷத்தில் ஜனநாயகம் முடிந்துவிடுவதால் ஆசிரியர்கள் யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை.

பிள்ளைகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. "நான் நிற்கிறேன்" என்று எவரும் வாயால் சொல்லமாட்டார்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரைச் சொல்வான். பெயர் சொல்லப்பட்டவன் பதறி எழுந்து "வேணாம் மேம்" என்பான். இன்னும் நாலு பேர் சொல்வார்கள், இன்னும் பலமாக மறுப்பான், கடைசியில் ஊருக்காக ஒத்துக்கொள்கிறவன் மாதிரி உட்காருவான். நிஜமாகவே வேண்டாம் என்கிறவனும் அதே வார்த்தையைத்தான் சொல்லியாக வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். ஒரு வருஷம், வேண்டவே வேண்டாம் என்று கண்கலங்கிய ஒரு பையன் அமோகமாக ஜெயித்துவிட்டான். பாவம், கூட்டத்துக்குக் கூட்டம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

அதனால்தான் மூன்றாமாண்டு கணித வகுப்பில் ஆரோக்கியராஜ் எழுந்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ஆவூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன், விடுதியில் தங்கிப் படிக்கிறவன். யாரும் பெயர் சொல்லாமலேயே எழுந்து, "நான் நிக்கிறேன் மேம். எனக்கு ரெப்பா இருக்க ஆசையா இருக்கு" என்றான். அந்த வகுப்புத் தேர்தலைப் பார்வையிடப் போயிருந்த எனக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. "ஏம்ப்பா, இப்படியா கேக்கிறது?" என்றேன். அவன் சிரிக்காமல் பதில் சொன்னான்: "வேணாம் வேணாம்னு சொல்லி வாங்கிக்கிறது கல்யாண வீட்டு ரெண்டாவது வடைக்குச் சரி மேம். வேலைய அப்புடி வாங்குனா அப்பறம் யாரும் செய்யமாட்டாங்க."

கை தட்டியவர்கள்

எல்லா வகுப்பிலும் தேர்தல் முடிந்த மறுநாள் பர்வீன் என்னைத் தேடி வந்தாள். இரண்டாமாண்டு வரலாறு, என் மாணவி. கோட்டைப்பட்டினத்துப் பெண். என் பாடம் அவர்களுக்கு மூன்றாம் மணி என்பதால் நான் பார்க்கும்போதெல்லாம் முதல் வரிசையில் இருப்பாள். கேள்வி கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள். "எங்க கிளாஸ்ல ரெப் எலெக்‌ஷன் எப்ப மேம்?" என்று கேட்டாள். "நேத்தே முடிஞ்சிருச்சே, நீ எங்க போன?" என்றேன், என் வழக்கமான கோபத்தோடு.

அவள் எங்கும் போகவில்லை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் காலையில் ஒரே பஸ்தான். அது கல்லூரி வாசலில் நிற்கும்போது முதல் மணியில் பாதி ஓடியிருக்கும். அதற்குள் வருகைப் பதிவு முடிந்திருக்கும். பதிவு முடிந்தபின் வந்தால் அந்த மணிக்கு ஆப்சென்ட், அதுதான் விதி. ஆக, ஏறத்தாழ ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் தினமும் முதல் மணிக்கு வராதவர்கள். நாங்களோ காலம் காலமாக முதல் மணியின் முதல் பத்து நிமிஷத்தில் தேர்தல் நடத்திக்கொண்டிருந்தோம். கடற்கரைப் பிள்ளைகளில் ஒருவர்கூட இதுவரை ஓட்டுப் போட்டதில்லை. அவர்களுடைய பஸ் பிரச்சினை பேரவையில் ஒருமுறைகூட வராததற்குக் காரணமும் எனக்கு அங்கேயே நின்றபடி விளங்கியது. "இத ஏன் போன வருஷமே சொல்லல?" என்றேன்.

பர்வீன் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "போன வருஷம் நாங்க உள்ள வரும்போது கை தட்டிக்கிட்டு இருந்தாங்க மேம். யாருக்குன்னு தெரியாம நாங்களும் தட்டுனோம்."

ஜெயித்தவன் கேட்ட மறுதேர்தல்

முதல்வரிடம் போனேன். அவர் சங்கடப்பட்டார். அறிவிப்புப் பலகையில் பெயர்கள் ஒட்டியாகிவிட்டது. ஜெயித்தவர்களைக் கூப்பிட்டு "நீங்கள் ஜெயித்தது செல்லாது" என்று எப்படிச் சொல்வது? அவர்கள் பக்கம் தவறு ஏதும் இல்லையே. அடுத்த வருஷத்திலிருந்து மாற்றிக்கொள்ளலாம் என்றார். அடுத்த வருஷம் என்பது எங்கள் மாதிரி இடங்களில் எந்த வருஷம் என்று உங்களுக்கும் தெரியும்.

இந்தச் செய்தி எப்படியோ ஆரோக்கியராஜ் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் இரண்டாம் மணி ஆரம்பத்தில் தன் வகுப்பு ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, தனக்கே மறுதேர்தல் வைத்துக்கொண்டான். அவன் வகுப்பில் கடற்கரைப் பையன்கள் இரண்டு பேர். அவர்களையும் சேர்த்துக் கை தூக்கச் சொல்லி, எதிர்த்து இன்னொருவனையும் வற்புறுத்தி நிற்கவைத்து, மறுபடியும் ஜெயித்தான். அதன்பிறகு மற்ற வகுப்புப் பிரதிநிதிகளால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் வகுப்பிலும் வைத்தார்கள். ஒன்றிரண்டு வகுப்பில் ஜெயித்த ஆளே மாறிப்போனது. நாற்காலி கிடைத்தபின் அதைத் தானாகக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்கிறவர்களை நான் வரலாற்றுப் புத்தகத்தில்கூட அதிகம் பார்த்ததில்லை. "ஒரு வேளை தோத்திருந்தா என்னப்பா பண்ணியிருப்ப?" என்று கேட்டேன். "தோத்திருந்தா மொதத் தடவையும் தோத்திருந்தேன்னுதானே மேம் அர்த்தம்?" என்றான்.

ஓட்டில்லாத பேச்சு

பேரவைத் தலைவராக ஆரோக்கியராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. எனக்கு ஆச்சரியம், மறுதேர்தலில் பர்வீன் நிற்காமல் விட்டதுதான். கேட்டபோதுதான் சொன்னாள், அவளால் நிற்க முடியாது. பேரவைக்கு நிற்க வேண்டுமானால் முந்தைய பருவத்தில் வருகை குறைந்திருக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தம் ஐந்து வகுப்பு மணிகள். அதில் ஒன்று தினமும் பஸ்ஸிலேயே போய்விட்டால், ஒரு காய்ச்சலும் ஒரு கல்யாணமும் வந்தால் போதும், வருகை விழுந்துவிடும். போன பருவம் அப்படி விழுந்து, பர்வீனைத் தேர்வெழுத விடவில்லை. அவள் அத்தா ஐஸ் கம்பெனியில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர். மகள் மேல் கோபம் இல்லை, கல்லூரி மேல்தான் கோபம். இன்னொரு தடவை பரீட்சைக்கு விடாவிட்டால் படிப்பு போதும், வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸால் வருகை போகிறது, வருகை போனதால் பேரவையில் நிற்க முடியாது, பேரவையில் இல்லாததால் பஸ்ஸைப் பற்றிப் பேச முடியாது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யாத ஒரு வட்டம், அதற்குள் அந்தப் பெண் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் என் பதவிக்கு ஏற்ற ஒரு நல்ல காரியம் செய்தேன். பேரவையில் சேர வழி என்ன என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். பிரதிநிதியாக இருந்தால்தான் கூட்டத்துக்கு வர வேண்டும் என்பதில்லை. எந்த மாணவரும் வந்து உட்காரலாம், தலைவர் அனுமதித்தால் எழுந்து பேசலாம். ஓட்டு மட்டும் கிடையாது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அப்படி வந்ததில்லை, அவ்வளவுதான். பர்வீனிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசுறதுக்கு அட்டெண்டன்ஸ் கேக்கமாட்டாங்கல்ல மேம்?" என்றாள்.

செல்வி சொன்ன எதிர்ப்பு

அடுத்த கூட்டத்துக்குப் பர்வீன் தனியாக வரவில்லை. அதே பஸ்ஸில் வரும் செல்வியையும் அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆரோக்கியராஜ் பர்வீனைப் பேசச் சொன்னதும் எழுந்து, யார் மேலும் பழி போடாமல், விஷயத்தை மட்டும் சொன்னாள். பிரதிநிதிகள் பலருக்கு அதுவரை இது தெரியாது. தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே வேகம் வந்துவிட்டது. பஸ்ஸை அரை மணி நேரம் முன்னதாக எடுக்கச் சொல்லி டெப்போவுக்கு மனு, கையெழுத்து இயக்கம், தேவைப்பட்டால் ஊர்வலம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஊர்வலம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்துபோய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அப்போது செல்வி எழுந்தாள். அதிகம் பேசாத பெண். அந்தப் பஸ் ஏன் அந்த நேரத்துக்குக் கிளம்புகிறது என்று சொன்னாள். காலையில் கடற்கரையில் மீன் ஏலம் முடிந்து, கூடைக்காரப் பெண்கள் ஏறியபிறகுதான் பஸ் புறப்படும். அப்படி எந்த உத்தரவும் இல்லை, டிரைவரும் கண்டக்டரும் அவர்களுக்காக நிற்கிறார்கள். அந்தக் கூடைகளில் ஒன்று செல்வியின் அம்மாவுடையது. பர்வீனுக்கும் இது தெரியும், ஆனால் அந்தக் கூட்டத்தின் வேகத்தில் அவளும் ஒரு நிமிஷம் மறந்திருந்தாள். செல்வி யாரையும் பார்க்காமல் சொல்லி முடித்தாள்: "பஸ்ஸ முன்னாடி எடுத்தா நான் மொத மணிக்கு வந்துருவேன். எங்கம்மா கூடைய எறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போயிரும். அப்பறம் நான் எந்த மணிக்கும் வரமாட்டேன்."

அரை மணி நேரம்

பஸ்ஸைத் தொடக் கூடாது என்றாகிவிட்டது. அப்படியானால் கல்லூரியை அரை மணி தள்ளி ஆரம்பிக்கலாம், அரை மணி தள்ளி முடிக்கலாம் என்றார்கள். குடுமியான்மலையிலிருந்து வரும் முத்துக்கருப்பன் கையைத் தூக்கினான். கல்லூரி விட்டதும் புதுக்கோட்டையில் ஒரு செல்போன் கடைக்கு வேலைக்குப் போகிறவன். அவனைப் போல ஜவுளிக்கடைக்கு, ஓட்டலுக்குப் போகிறவர்கள் நிறைய இருந்தார்கள். அரை மணி தாமதமானால் வேலை போய்விடும். அதுவும் நின்றது. நடுவில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். எங்களுக்கு மதிய இடைவேளை ஒரு மணி நேரம். அதில் பாதியைக் குறைத்தால் காலையில் தாமதமாக ஆரம்பித்து வழக்கமான நேரத்துக்கே முடிக்கலாம். இதைச் சொன்னவள் பர்வீன். சொல்லிவிட்டு, ஓட்டில்லாதவள் அதிகம் கேட்டுவிட்டோமோ என்பதுபோல் உடனே உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் பிரதிநிதிகள் மட்டும் முடிவு செய்யக் கூடாது, சாப்பாடு எல்லாருடையது என்று ஆரோக்கியராஜ் சொன்னான். ஒவ்வொரு பிரதிநிதியும் தன் வகுப்பில், இரண்டாம் மணியில், கேட்டு வர வேண்டும். வகுப்பு என்ன சொல்கிறதோ அதன்படிதான் இங்கே கை தூக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் கை தூக்கியபோது நான்தான் எண்ணினேன், நம்பாமல் இன்னொரு தடவையும் எண்ணினேன். சரிபாதி. எதிர்த்துத் தூக்கிய கைகளில் ஒன்று ஆரோக்கியராஜுடையது. அவன் வகுப்பில் விடுதிப் பையன்கள் அதிகம். விடுதியில் சாப்பாட்டு வரிசை நீளம், அரை மணியில் சாப்பிட முடியாது என்று அவர்கள் வேண்டாம் என்றிருக்கிறார்கள். கடைசி வரிசையில் பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவனை எழுப்பி நாலு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது.

ஓட்டு சமமாக நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. அதை நான் ஞாபகப்படுத்தும் முன்பே அவன் கை மறுபடி மேலே போய்விட்டது, இந்தத் தடவை தீர்மானத்துக்கு ஆதரவாக. ஹால் முழுக்கச் சலசலப்பு. இது என்னப்பா, ஒரே ஆள் வேண்டாம் என்றும் வேண்டும் என்றும் தூக்கலாமா என்று அவன் வகுப்புத் தோழன் ஒருவன் வாசலில் நின்று கத்தினான். ஆரோக்கியராஜ் அவனுக்குப் பதில் சொன்னான்: "மொதக் கை ஒன்னோடதுடா, நீ சொன்னபடி தூக்குனேன். ரெண்டாவது கை காலேஜோடது, அத ஒன்ட்ட கேக்க முடியாது."

ஏகமனதாக

முதல்வர் தீர்மானத்தைப் படித்துவிட்டு உண்மையிலேயே சந்தோஷப்பட்டார். எனக்கு டீ வரவழைத்தார். டீ வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நேரத்தை மாற்ற மேலிட அனுமதி வேண்டும், அது அடுத்த பருவத்திலிருந்துதான் நடைமுறைக்கு வரும். இந்தப் பருவத்தில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு விழுந்த ஆப்சென்ட் விழுந்ததுதான். பர்வீனைத் தேர்வுக்கு விடாமல் போனால், அடுத்த பருவத்தில் கல்லூரி எத்தனை மணிக்குத் திறந்தாலும் அவள் அதற்குள் வரப்போவதில்லை. ஊருக்கு வழி பண்ணிவிட்டு அந்தப் பெண் மட்டும் வெளியே நிற்கப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகைதான் வந்தது.

பேரவை அவசரக் கூட்டம் போட்டது. வருகை குறைந்தவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுத்து ஈடுகட்டலாம் என்று விதி இருப்பதை முதல்வரே சொல்லியிருந்தார். எப்போது எடுப்பது? காலையில் பஸ் இல்லை, மாலையில் பஸ் போய்விடும். மதிய இடைவேளைதான். யார் எடுப்பது? ஆசிரியர் அறையில் நான் கேட்டுப் பார்த்தேன். என் சக ஆசிரியர்களில் இத்தனை பேருக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய சர்க்கரை வியாதி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேர் முன்வந்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். மீதி நாட்களுக்குப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது. பொறுப்பாசிரியர் அவர்களே மதிய இடைவேளையில் வகுப்பெடுத்து உதவ வேண்டும் என்று பேரவை கேட்டுக்கொள்கிறது. எதிர்த்து ஒரு கை இல்லை. அரை மணிச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரிபாதியாகப் பிரிந்த அதே பேரவை, என் முழுச் சாப்பாட்டு நேரத்துக்கு ஏகமனதாக எழுந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு முத்துக்கருப்பன் ஆறுதல் சொன்னான்: "கவலப்படாதீங்க மேம், பாடம் நடத்துறவங்க மட்டும் கிளாஸ்ல சாப்பிடக் கூடாதுன்னு ஒரு ரூலும் இல்ல."

அத்தாவின் போன்

சிறப்பு வகுப்புகள் நடந்தன. ஒரு கையில் புளிச்சோற்று டப்பாவோடு மராட்டியர் ஆட்சியை நடத்தியது தமிழ்நாட்டில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிள்ளைகளும் பசியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். விடுதிப் பையன்கள் சிலர், வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களே, அவர்களுக்குத் தட்டில் சோறு எடுத்து வைத்திருந்து வகுப்பு முடிந்ததும் கொண்டு வந்து கொடுத்தார்கள். அதைப் பற்றி யாரும் தீர்மானம் போடவில்லை. பருவ முடிவில் கணக்குப் பார்த்தபோது பர்வீன் தப்பித்தாள், செல்வி தப்பித்தாள், மற்றவர்களும் தப்பித்தார்கள். ஹால் டிக்கெட்டை வாங்கியதும் பர்வீன் அதைத் துப்பட்டாவுக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அன்று சாயங்காலம் குளத்தூர் பஸ்ஸில் இருந்தபோது அவள் அத்தா போன் செய்தார். எனக்கு அவரிடம் பேசப் பயம். கல்லூரி மேல் கோபமாக இருந்தவர் ஆயிற்றே. அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம். அதற்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்: "எம் புள்ள படிக்கிறதுக்காக அந்தக் காலேஜே அரை வயித்தோட எந்திரிக்கப் போவுதாமே மேடம். இனிமே அவள நிறுத்துறதுக்கு எனக்கு வாய் வருமா?"

யார் முதலில் பேசுவது

புதிய நேரம் வந்தது. முதல் மணிக்கு எல்லா வகுப்பும் நிறைந்திருந்தது. அடுத்த கல்வியாண்டில் ஆரோக்கியராஜ் படிப்பு முடிந்து போய்விட்டான். மூன்றாமாண்டுக்கு வந்த பர்வீன், இப்போது நிற்கத் தகுதி உள்ளவளாக, "நான் நிக்கிறேன்" என்று வாயால் சொல்லி வகுப்புப் பிரதிநிதியானாள். அதோடு விடாமல் பேரவைத் தலைவர் தேர்தலுக்கும் நின்றாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அரை மணிச் சாப்பாட்டில் அவதிப்பட்டவர்கள் கல்லூரியில் நிறையப் பேர். எதிர்த்து நின்ற பையனின் நண்பர்கள் "நம்ம சோத்துல கை வச்ச பொண்ணு" என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அவள் அதற்குப் பதில் சொல்லவேயில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டு, ஏதாவது சொல்லேன் என்றேன். "அது உண்மதானே மேம், என்னன்னு மறுக்குறது?" என்று போய்விட்டாள்.

ஜெயித்தாள். பெரிய வித்தியாசத்தில் ஒன்றுமில்லை, மயிரிழையில்தான். முடிவை நான் அறிவித்தபோது கடைசி வரிசையில் செல்வி எழுந்து நின்று கை தட்டினாள். இந்தத் தடவை யாருக்காகத் தட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். என் கண்ணில் தண்ணீர் நின்றது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. ஜெயித்தவர் நன்றி சொல்லி, தோற்றவரைப் பாராட்டி, முதல்வருக்கு வணக்கம் சொல்லி உட்காருவது வழக்கம். பர்வீன் எழுந்து, தனக்கு ஓட்டுப் போடாத பக்கமாகத் திரும்பி நின்றாள். அங்கே விடுதிப் பையன்கள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "ஒங்க சாப்பாட்டு நேரத்துல பாதிய எடுத்தது நான்தான். அதுனால இந்த வருஷம் மொதக் கூட்டத்துல நீங்கதான் மொதல்ல பேசணும், நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மாணவர் பேரவை எப்படி நடக்கிறது என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், மிக நன்றாக நடக்கிறது, பெரும்பாலும் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.